மசாலா பிளெண்டர் மூடி: மூடினால் எழும்புகிறது, பாதியில் விட்டால் விழுகிறது. எத்தனை நியூட்டன் கேஸ் ஸ்பிரிங் வாங்க வேண்டும்?

தகடுவேலை_கோவை

அனைவருக்கும் வணக்கம். கோவையில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகட்டு வேலை செய்யும் சிறிய பட்டறை எங்களுடையது. மசாலாப் பொடி தயாரிக்கும் வாடிக்கையாளர் ஒருவருக்கு ரிப்பன் பிளெண்டர் (பொடி கலக்கும் இயந்திரம்) ஒன்று செய்து கொடுத்திருக்கிறோம். இயந்திரத்தில் குறை ஒன்றும் இல்லை. அதன் மூடிதான் ஒரு மாதமாக எங்களைப் படுத்துகிறது.

மூடியின் அகலம் 1200 மி.மீ., கீலிலிருந்து முன்விளிம்பு வரை 700 மி.மீ.; 2 மி.மீ. தடிமனுள்ள எஸ்.எஸ். 304 தகடு. மடித்த விளிம்பு, அடியில் வைத்துப் பற்றவைத்த பட்டைகள், கேஸ்கெட், கைப்பிடி எல்லாம் சேர்த்துத் தராசில் 22 கிலோ நின்றது. ஒவ்வொரு கலவைக்குப் பிறகும் தொட்டியைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டியிருப்பதால், ஒருவர் மூடியைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் உள்ளே கைவிடும் நிலை இருந்தது. அதைத் தவிர்க்கத்தான் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கேஸ் ஸ்பிரிங் (மூடியைத் தூக்க உதவும், வாயு அடைத்த தள்ளுகம்பி) பொருத்தினோம். மூடி 75 டிகிரி வரை திறந்தால் போதும்.

முதலில் வாங்கியது 150 நியூட்டன். ராடின் விட்டம் 8 மி.மீ., குழாயின் விட்டம் 18 மி.மீ., முழு நீளம் 500 மி.மீ., ஸ்ட்ரோக் (ராடு உள்ளே போகும் தூரம்) 200 மி.மீ. மூடியில் கீலிலிருந்து 250 மி.மீ. தள்ளி ஒரு முனையையும், தொட்டியின் பக்கச் சுவரில் கீலுக்கு 80 மி.மீ. முன்னால், 255 மி.மீ. கீழே மறுமுனையையும் பொருத்தினோம். இப்போது நடப்பது விசித்திரமாக இருக்கிறது. மூடியை மூடினால் அது கேஸ்கெட்டின் மேல் அழுந்தி உட்காருவதில்லை. வெயில் ஏறிய பிறகு மூன்று விரற்கடை தானாக எழும்பி நிற்கிறது. அதே மூடியைப் பாதி திறந்து கையை எடுத்தால் தடாலென்று விழுகிறது. முழுவதும் திறந்தால் நிற்கிறது என்றாலும், யாராவது தோளால் இடித்தால் இறங்கிவிடுகிறது.

விசை போதவில்லை என்று நினைத்து, அதே அளவில் 400 நியூட்டன் வாங்கி மாட்டினேன். கொக்கியை விடுவித்ததும் மூடி பாய்ந்து எழுந்தது. திரும்ப மூட இரண்டு பேர் மேலே சாய வேண்டியிருந்தது. ஒரு வாரத்துக்குள் பிராக்கெட் பற்றவைத்த இடத்தில் தகடு உள்வாங்கிவிட்டது. அவற்றைக் கழற்றிவிட்டுப் பழைய 150-ஐயே மீண்டும் மாட்டியிருக்கிறேன்.

ஒரே ஸ்பிரிங் மூடிய நிலையில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் இருப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. 150-க்கும் 400-க்கும் இடையில் எந்த எண்ணைக் கேட்டு வாங்குவது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

டிக்கி_ராடு

பழைய கார்களுக்கு டிக்கி ராடு மாற்றிக் கொடுப்பவன் நான். 150 போதவில்லை, 400 மிஞ்சுகிறது என்றால் 200 நியூட்டன் மாட்டிப் பாருங்கள். 22 கிலோ மூடிக்கு இரண்டு 200 சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு. கூடவே பழைய ஸ்பிரிங்கின் குழாயில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள். ஸ்டிக்கர் ஒன்று, உள்ளே இருக்கும் அழுத்தம் வேறு என்று எனக்கே இரண்டு முறை வந்திருக்கிறது.

கணக்கு_நோட்டு

தகடுவேலை நண்பருக்கு, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. 150 முதல் 400 வரை எந்த எண்ணை வாங்கி இப்போதுள்ள துளைகளில் மாட்டினாலும் இந்த மூடி சரியாக நடக்காது. மாற வேண்டியது ஸ்பிரிங் பொருத்திய இடம். மேலே நண்பர் சொன்ன 200 நியூட்டனுக்கே நான் கடைசியில் வந்து சேருவேன். ஆனால் அது வேறு துளைகளில்.

முதலில் மூடி என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 22 கிலோ என்பது ஏறத்தாழ 216 நியூட்டன். கைப்பிடியால் ஈர்ப்பு மையம் சற்று முன்னால் வந்து, கீலிலிருந்து 370 மி.மீ. தொலைவில் இருக்கும் என்று கொள்கிறேன். மூடிய நிலையில் மூடி கீழே அமுக்கும் திருப்புத்திறன் (விசையைக் கீலிலிருந்து அதன் தொலைவால் பெருக்கியது) 216 பெருக்கல் 0.37, அதாவது 80 நியூட்டன் மீட்டர். மூடி மேலே போகப்போக ஈர்ப்பு மையம் கீலின் பக்கம் நகர்வதால் இது குறையும்: 45 டிகிரியில் 56, 75 டிகிரியில் 21. ஆக, மூடி எல்லா நிலையிலும் ஒரே உதவியைக் கேட்பதில்லை.

இந்த 370-ஐ நீங்கள் நம்ப வேண்டாம், நேரடியாக அளந்துவிடலாம். ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசைக் கைப்பிடியில் மாட்டி, மூடி கேஸ்கெட்டை விட்டு நூலிழை எழும்பும் வரை செங்குத்தாக மேலே இழுங்கள். முன்விளிம்பில் 11.6 கிலோ காட்டினால், அதை 9.81-ஆலும் 0.7 மீட்டராலும் பெருக்கக் கிடைப்பது இதே 80. எடை தனியாக, ஈர்ப்பு மையம் தனியாக என்று தேடத் தேவையே இல்லை. கீல் இறுக்கமாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும். ஆகவே மேலே போகும்போது ஒரு முறையும் மெதுவாக இறக்கும்போது ஒரு முறையும் படித்து நடுமதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஸ்பிரிங் என்ன தருகிறது? குழாய்க்குள் அடைத்திருப்பது நைட்ரஜன். பிஸ்டனில் சிறு துளை இருப்பதால் அதன் இருபுறமும் அழுத்தம் ஒன்றே. ராடு வெளியேறும் பக்கத்தில் மட்டும் ராடின் குறுக்குப் பரப்பளவுக்கு வாயு அமுக்க இடமில்லை. அந்தப் பரப்பளவை அழுத்தத்தால் பெருக்கினால் கிடைப்பதுதான் ராடைத் தள்ளும் விசை. 8 மி.மீ. ராடின் பரப்பளவு 50 சதுர மி.மீ.; 200 நியூட்டன் வேண்டுமென்றால் உள்ளே ஏறத்தாழ 40 பார் இருக்க வேண்டும். ராடை உள்ளே தள்ளும்போது அது வாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அழுத்தம் ஏறுகிறது, விசையும் ஏறுகிறது. குழாயில் அச்சிட்டிருக்கும் எண் ராடு ஏறக்குறைய முழுவதும் வெளியே வந்த நிலைக்கானது. உங்கள் அளவு ஸ்பிரிங்கில் முழுவதும் அமுங்கும்போது அது சுமார் 1.3 மடங்காகிவிடும். 150 என்று வாங்கியது, மூடி மூடியிருக்கும்போது 190-ஐத் தாண்டித் தள்ளிக்கொண்டிருக்கிறது.

இனிமேல்தான் உங்கள் மூடியின் விசித்திரம் விளங்கும். ஸ்பிரிங் மூடியைத் தூக்கும் திறன், அதன் விசையோடு, கீலிலிருந்து ஸ்பிரிங் போகும் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவையும் பொறுத்தது. நீங்கள் கொடுத்த அளவுகளை வரைந்து பார்த்தேன். அந்தத் தொலைவு மூடிய நிலையில் 208 மி.மீ., 45 டிகிரியில் 134, 75 டிகிரியில் வெறும் 72. விசை அதிகமாக இருக்கும் மூடிய நிலையிலேயே இந்தத் தொலைவும் அதிகம். மூடி உயர உயர இரண்டும் சேர்ந்து சரிகின்றன. இரண்டு 150 நியூட்டன் ஸ்பிரிங்குகள் மூடிய நிலையில் தருவது 80 நியூட்டன் மீட்டர். மூடி கேட்பதும் அதே 80 என்பதால், உங்கள் மூடி கேஸ்கெட்டின் மேல் எடையில்லாமல் மிதக்கிறது. நடுவில் அவை தருவது 43, கேட்பது 56, ஆகவே விழுகிறது. முழுதும் திறந்தால் தருவது 21.6, கேட்பது 20.7; தோள் இடித்தால் இறங்காமல் என்ன செய்யும்?

400 நியூட்டனில் மூடிய நிலைக்கு வந்தது 214. எண்பதைக் கழித்தது போக மீதி 134, கைப்பிடியில் ஏறத்தாழ 19 கிலோ மேல்நோக்கித் தள்ளல். தகடு உள்வாங்கியதில் வியப்பில்லை. 200 நியூட்டனை இதே துளைகளில் மாட்டினால் நடுவில் சரியாக நிற்கும்; ஆனால் மூடினால் கைப்பிடியில் நான்கு கிலோ அளவுக்கு எழும்பும், கொக்கி இல்லாமல் மூடி இருக்கவே இருக்காது.

பட்டியல் புத்தகங்களில் ஒரு வாய்பாடு இருக்கும்: எடையை ஈர்ப்பு மையத் தொலைவால் பெருக்கி, ஸ்பிரிங்குகளின் எண்ணிக்கையாலும் செங்குத்துத் தொலைவாலும் வகுத்து, பத்து முதல் இருபது சதவீதம் கூட்டிக்கொள்ளச் சொல்வார்கள். வாய்பாட்டில் தவறில்லை. ஆனால் அது ஒரே ஒரு நிலைக்கான விடை. பெரும்பாலானவர்கள் அதை ஒருமுறை போட்டுவிட்டு எண்ணை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுகிறார்கள். குறைந்தது மூடிய நிலை, நடு, முழுத் திறப்பு என்று மூன்று இடங்களிலாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம்.

உங்கள் மூடிக்கு நான் பரிந்துரைக்கும் இடம் இது. மூடியில் கீலிலிருந்து 155 மி.மீ., கீலின் அச்சு உயரத்திலேயே. தொட்டியின் சுவரில் கீலுக்கு 250 மி.மீ. முன்னால், 300 மி.மீ. கீழே. இப்போது செங்குத்துத் தொலைவுகள் 148, 139, 100 என்று வருகின்றன. மூடிய நிலையில் தொலைவு குறைந்துவிட்டது. திறந்த நிலையில் கூடிவிட்டது. இந்த இடத்தில் இரண்டு 200 நியூட்டன் ஸ்பிரிங் மாட்டினால் மூடிய நிலையில் 75 தரும், கேட்பது 80. மூடி தானே உட்கார்ந்திருக்கும், தூக்க ஒரு கிலோவுக்கும் குறைவான விசை போதும். 30 டிகிரியை ஒட்டி இரண்டும் சமமாகும். 45 டிகிரியில் 60 தரும், கேட்பது 56. அங்கிருந்து தானே மேலே போகும். முழுத் திறப்பில் 40 தரும், கேட்பது 21. இறக்கத் தொடங்கும்போது கைப்பிடியில் மூன்று கிலோவுக்குள் இழுக்க வேண்டியிருக்கும். இந்த அளவு இழுப்பு இருப்பதே நல்லது, அதுதான் தோள் இடித்தாலும் மூடியை நிறுத்தும்.

நீளத்தையும் பார்த்துவிட்டேன். மூடிய நிலையில் இரு முனைகளுக்கும் இடையே 315 மி.மீ., முழுத் திறப்பில் 496. உங்கள் ஸ்பிரிங் 300 வரை அமுங்கும், 500 வரை நீளும். ஆகவே அதே நீளமே பொருந்தும். மூடும்போது ராடு உள்ளே முட்டி நிற்கும்படி ஒருபோதும் அமைக்காதீர்கள், பத்து மி.மீ.யாவது மீதம் இருக்க வேண்டும்.

துளை போடுவதற்கு முன் ஒரு அட்டையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியின் பக்கச் சுவரை முழு அளவில் ஒரு ஒட்டுப்பலகையில் வரைந்து, கீல் இருக்கும் இடத்தில் ஆணி அடித்து, மூடியின் பக்கவாட்டு வடிவில் வெட்டிய அட்டையை அதில் மாட்டுங்கள். ஸ்பிரிங்குக்குப் பதிலாக நூல். மூன்று நிலைகளில் நூலின் நீளத்தையும், மூலைமட்டத்தை வைத்து ஆணியிலிருந்து நூலுக்கு உள்ள தொலைவையும் அளந்தால் என் கணக்குத் தவறாக இருந்தாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஷிஃப்ட்_பராமரிப்பு

மேலே உள்ள கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உணவுப் பொருள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் பதினைந்து ஆண்டுகளாகப் பராமரிப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில், கணக்குச் சரியாக இருந்தும் ஸ்பிரிங்குகள் ஆறே மாதத்தில் சாவதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ராடு கீழ்நோக்கி இருக்க வேண்டும். குழாய்க்குள் வாயுவோடு சிறிது எண்ணெயும் உண்டு. ராடு கீழே இருந்தால் அந்த எண்ணெய், ராடு வெளியேறும் வாயை அடைக்கும் சீலின் மேல் தேங்கி அதைக் காயவிடாமல் வைத்திருக்கும். திறப்பின் கடைசிப் பகுதியில் பிஸ்டன் எண்ணெய்க்குள் நுழைவதால் மூடி முட்டாமல் மெதுவாக நிற்கும். தலைகீழாக மாட்டினால் சீல் காய்ந்து வாயு கசியும். கணக்கு நண்பர் சொன்ன இடத்தில் மூடியின் முனை எல்லா நிலையிலும் மேலேயே இருப்பதால், குழாயை மூடியிலும் ராடைத் தொட்டியிலும் பிணைத்தால் போதும்.

மிளகாய்த் தூளும் உப்பும் பறக்கும் இடம் அது. ராடின் மேல் படிந்த தூள் ஒவ்வொரு முறை மூடும்போதும் சீலை அரத்தால் தேய்ப்பதுபோல் தேய்க்கும். நாள் முடிவில் உலர்ந்த துணியால் ராடைத் துடைக்க ஒரு நிமிடம் ஆகும். கிரீஸ் தடவ வேண்டாம். தூள் அதில்தான் முதலில் ஒட்டும். தொட்டியைக் கழுவ வெந்நீரோ புளிச்சாறு கலந்த நீரோ படும் இடமென்றால், கறுப்புப் பெயின்ட் அடித்த சாதாரண குழாய் நீண்ட நாள் தாங்காது, எஸ்.எஸ். குழாயும் ராடும் கொண்ட வகையை வாங்குங்கள், உள்ளே உணவுத் துறைக்கு ஏற்ற எண்ணெய் இருக்க வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். விலை பல மடங்கு. எனினும் எண்ணெய் கசிந்தால் அது எங்கே சொட்டும் என்பதை யோசித்தால் விலை பெரிதாகத் தெரியாது. எந்த வகையானாலும் ஸ்பிரிங் தொட்டியின் வாய்க்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

வெப்பம். குழாயில் அச்சிட்டிருக்கும் விசை 20 டிகிரி செல்சியஸுக்கானது. வாயு என்பதால் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ 3.4 சதவீதம் கூடும் அல்லது குறையும். காலையில் 20 டிகிரியும் தகரக் கூரைக்குக் கீழே மதியம் 40 டிகிரியும் என்றால் 200 நியூட்டன் 213 ஆகிவிடும். உங்கள் மூடி வெயில் ஏறிய பிறகு மூன்று விரற்கடை எழும்பியதற்குக் காரணம் இதுதான். புதிய இடத்தில் மதியம் மூடிய நிலையில் தருவதும் கேட்பதும் ஏறக்குறைய சமமாகிவிடும். கீலின் உராய்வு அதைப் பிடித்து வைத்திருக்கும் என்றாலும், இயந்திரம் ஓடும்போது மூடியை டாகிள் கிளாம்ப் (நெம்பி இறுக்கும் கொக்கி) போட்டு அழுத்தி வைப்பது அவசியம். கேஸ்கெட்டை அழுத்துவது கிளாம்பின் வேலை. அதை மூடியின் எடைக்கு விட்டால் தூள் வெளியே வரும்.

இன்னொன்று மிக முக்கியம். கேஸ் ஸ்பிரிங் உதவிக்கை மட்டுமே, தாங்குகட்டை ஆகாது. எங்கள் ஆலையில் ஒரு மூடியின் ஒரு பக்க ஸ்பிரிங் ஓர் இரவு ஷிஃப்டில் ஓசையில்லாமல் வாயுவை இழந்தது. மறுநாள் காலை ஒரு தொழிலாளி வழக்கம்போல் மூடியைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே குனிந்தார். மூடி முதுகில் இறங்கியது; குனிந்த கோணம் சற்று மாறியிருந்தால் தலையில் இறங்கியிருக்கும். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஸ்பிரிங் செத்துவிட்டால் 45 டிகிரியில் மீதி ஒன்று தருவது 30, மூடி கேட்பது 56. ஆகவே முழுத் திறப்பில் ராடின் மேல் விழுந்து பூட்டிக்கொள்ளும் உறை உள்ள வகையையோ, குறைந்தபட்சம் கையால் மாட்டும் ஒரு தாங்குகம்பியையோ வையுங்கள். மூடி திறந்தால் மோட்டார் நிற்கும்படி இன்டர்லாக் சுவிட்ச் ஏற்கெனவே வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒன்று கெட்டாலும் ஸ்பிரிங்குகளை இரண்டாகவே மாற்றுங்கள். புதியதும் பழையதும் சேர்ந்தால் மூடி முறுக்கிக்கொண்டு எழும்.

டிக்கி_ராடு

கணக்கு நண்பருக்கு நன்றி. கார் டிக்கியில் இடம் ஏற்கெனவே தீர்மானித்திருப்பார்கள்; நாங்கள் எண்ணை மட்டும் பார்த்தே பழகிவிட்டோம். ஒரு சந்தேகம். இரண்டுக்குப் பதிலாக ஒரே பக்கத்தில் 400 நியூட்டன் ஒன்று மாட்டினால் செலவு குறையாதா?

கணக்கு_நோட்டு

கணக்கில் அது சமம்தான், தகட்டில் சமமில்லை. 1200 மி.மீ. அகல மூடியை ஒரு ஓரத்தில் மட்டும் தள்ளினால் மறு ஓரம் பின்தங்கும், 2 மி.மீ. தகடு முறுக்கிக்கொள்ளும், கேஸ்கெட் ஒரு மூலையில் மட்டும் தேயும், ஒரு கீலின் மேல் மட்டும் சுமை ஏறும். குறுகிய மூடிக்கோ விறைப்பான வார்ப்பு மூடிக்கோ ஒன்று போதும்.

பிராக்கெட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூடிய நிலையில் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 250 நியூட்டனுக்கு மேல் தள்ளிக்கொண்டே இருக்கும், இரவெல்லாம், விடுமுறை நாளிலும். ஆகவே மூடியின் பிராக்கெட்டை வெறும் தகட்டில் பற்றவைக்காமல், மடித்த விளிம்பையும் அடியிலுள்ள பட்டையையும் சேர்த்துப் பிடிக்கும்படி ஒரு 4 மி.மீ. ஒட்டுத்தகடு வைத்துப் பற்றவையுங்கள். பற்றவைக்கும்போது ஸ்பிரிங் அருகில் இருக்கக் கூடாது; ராடின் மேல் ஒரு தீப்பொறி ஒட்டினாலே சீல் போய்விடும். இரு முனைகளிலும் பால் ஸ்டட் (எப்பக்கமும் திரும்பும் உருண்டைமுனை) இருக்கட்டும். இரண்டு துளைகளும் ஒரே தளத்தில் மி.மீ. பிசகாமல் அமைவது பட்டறையில் நடக்காத காரியம், அந்தப் பிசகை பால் ஸ்டட் விழுங்கிக்கொள்ளும், போல்ட் போட்ட கண்முனை விழுங்காது.

தகடுவேலை_கோவை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பொறுத்தருள்க. வாடிக்கையாளர் இயந்திரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே நிறுத்தித் தந்தார்.

தொங்கு தராசு வைத்துப் பார்த்தேன். தூக்கும்போது 12.1 கிலோ, இறக்கும்போது 11.2, நடுமதிப்பு உங்கள் கணக்கோடு ஒட்டி வந்தது. ஒட்டுப்பலகையில் அட்டை மூடியை ஆட்டிப் பார்த்தபோதுதான், நூல் கீலை நெருங்குவதும் விலகுவதும் கண்ணுக்குத் தெரிந்து, இத்தனை நாள் நான் தேடியது எண்ணை மட்டும்தான் என்பது உறைத்தது. என் பழைய இடத்தில் நூல் மூடி திறக்கத் திறக்கக் கீலை நோக்கி ஓடியது.

புதிய துளைகளில் 200 நியூட்டன் எஸ்.எஸ். ஸ்பிரிங் இரண்டைப் பொருத்திவிட்டேன்; அவற்றில் இடது பக்கத்தது பூட்டு உறை கொண்டது. மூடி தன் எடையில் உட்காருகிறது. இரண்டு விரலால் தூக்கினால் கால் பங்கு வரை கையோடு வருகிறது. அதன் பிறகு தானே போய், கடைசியில் தயங்கி, மெதுவாக நிற்கிறது. மதியம் இரண்டு மணிக்கும் போய்ப் பார்த்தேன். கிளாம்ப் போடாவிட்டாலும் எழும்பவில்லை.

எதிர்பாராத ஒரு குறை வந்தது. மூடி முழுவதும் திறந்தால் கைப்பிடி தரையிலிருந்து ஆறடி உயரத்துக்குப் போய்விடுகிறது. அங்கே வேலை செய்யும் பெண்களில் இருவருக்கு அது எட்டவில்லை. எட்டிப் பிடித்து இழுப்பதால் அந்த மூன்று கிலோ இழுப்பே அவர்களுக்குச் சிரமமாக இருக்கிறது. இப்போதைக்கு மூடியின் பக்க விளிம்பில், கீலிலிருந்து 450 மி.மீ. தொலைவில் இன்னொரு சிறிய கைப்பிடி வைத்திருக்கிறேன். அது சரிதானா? கழற்றிய 150, 400 இரண்டு ஜோடிகளையும் என்ன செய்வது? கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். இதே வாடிக்கையாளரிடம் 900 மி.மீ. அகலத்தில் ஒரு சிறிய பிளெண்டரும் இருக்கிறது. முன்விளிம்பு வரை அதே 700 மி.மீ.தான், முன்விளிம்பில் தொங்கு தராசு 8.5 கிலோ காட்டுகிறது.

ஷிஃப்ட்_பராமரிப்பு

இரண்டாவது கைப்பிடி உயரத்துக்கு வசதிதான்; ஆனால் கீலுக்கு அருகில் வந்த அளவுக்கு இழுப்பு கூடும். 700-இல் 27 நியூட்டன் வேண்டியிருந்தது, 450-இல் 42 ஆகும். எட்டிப் பிடிப்பதைவிட அது எளிதென்றால் இருக்கட்டும். அதைவிட, பழைய கைப்பிடியில் ஒரு முழ நீளத்துக்குக் கழுவக்கூடிய நாடா ஒன்றைத் தொங்கவிட்டால் இழுப்பும் கூடாது, கையும் எட்டும். மூடியபிறகு நாடா தொட்டிக்குள் மாட்டிக்கொள்ளாமல் வெளியே தொங்க வேண்டும், அவ்வளவே.

400 ஜோடியைப் பழைய இரும்போடு அப்படியே போடாதீர்கள், கிரைண்டர் வைத்து வெட்டவும் வேண்டாம். உள்ளே 80 பார் இருக்கிறது. உலையில் போய் விழுந்தால் வெடிக்கும். நல்ல நிலையில் இருப்பதால், ராடை எண்ணெய்த் துணியால் சுற்றி, ராடு கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். கனமான மூடி ஒன்று என்றாவது வரும்.

கணக்கு_நோட்டு

சிறிய பிளெண்டருக்கு உங்கள் 150 ஜோடியே போதும். 8.5 கிலோ என்றால் மூடிய நிலையில் கேட்பது 58 நியூட்டன் மீட்டர். பெரியதில் போட்ட அதே 155, 250, 300 அளவுகளில் மாட்டினால் 150 ஜோடி தருவது மூடிய நிலையில் 56, 45 டிகிரியில் 45. அங்கே கேட்பது 41. முழுத் திறப்பில் தருவது 30, கேட்பது 15. அட்டையை வைத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் துளை போடுங்கள். அந்தத் தொட்டியின் சுவரில் 300 மி.மீ. கீழே வடிகுழாயோ பேரிங் தாங்கியோ குறுக்கே வந்தால் மட்டும் எழுதுங்கள், வேறு இடம் பார்ப்போம்.

தகடுவேலை_கோவை

குறுக்கே எதுவும் இல்லை. கீழே பேரிங் தாங்கிக்கு மேல் நான்கு விரற்கடை இடம் இருக்கிறது. ஒட்டுப்பலகையைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. நாடா யோசனையை மேற்பார்வையாளரிடம் சொன்னேன். பெரிய பிளெண்டரில் இன்று மாலையே கட்டிவிட்டார்கள்.